பம்பு ஓடியது, கார் ஓடவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வட லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. ஆனால் அந்த மத்தியானத்துக்கு வருவதற்கு முன், அதற்கு ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, முந்தி நான் செய்த ஒரு வேலையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

நான் லிஃப்ட் திருத்துகிறவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரின் மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குகிறேன். வயர், சுவிட்ச், ரிலே எல்லாம் எனக்கு வீட்டுச் சாமான் மாதிரி. ஒரு லிஃப்ட் ஏன் ஐந்தாம் மாடியில் மட்டும் கதவு திறக்க மறுக்கிறது என்று கேட்டால், மின்சாரம் அளக்கிற மீற்றரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் சொல்லுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. எழுபதுகளில் செய்த சின்ன இங்கிலிஷ் கார், இரண்டு கதவு. லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வேலைக்குப் போக அல்ல, கடைக்குப் போகவும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தவும், துடைக்கவும், ஒரு சுற்றுச் சுற்றி வரவும்தான். சிலர் மீன் பிடிக்கப் போவார்கள், சிலர் கிரிக்கெட் பார்ப்பார்கள், எனக்கு இது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் "உங்கட கிழவன்". "உங்கட கிழவனைக் கொண்டு போய் எங்கையாவது விட்டிட்டு வாங்கோ, பூக்கண்டு வைக்க இடமில்லை" என்பாள்.

அந்தக் காலத்துக் கார்களில் பெற்றோலைப் பின்னால் இருக்கும் தாங்கியில் இருந்து முன்னால் எஞ்சினுக்கு இழுத்துக் கொடுப்பது எஞ்சினோடு சேர்ந்து ஆடும் ஒரு சின்னப் பம்பு. மின்சாரமே தேவையில்லை. எங்கள் காரில் அது சோர்ந்து போயிருந்தது. இரண்டு கிழமை நிற்பாட்டி வைத்தால், பிறகு ஸ்டார்ட் பண்ணுவதற்குள் பற்றரி இறங்கிவிடும். அதனால் அதைக் கழற்றிவிட்டு மின்சாரப் பம்பு ஒன்று பூட்டுவது என்று முடிவெடுத்தேன். நிறையப் பேர் செய்கிறதுதான். தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டி, வயர் இழுத்து, சாவியைத் திருப்பினால் பம்பு வேலை செய்யும்படி இணைக்கவேண்டும். எனக்கு அது ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன். கடையில் இரண்டு விதம் இருந்தது. பெட்டியில் அழுத்தம் எவ்வளவு என்று எண் போட்டிருந்தார்கள். நான் எண் கூடியதை எடுத்தேன். பெலமான பம்பு என்றால் நல்லதுதானே?

ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பூட்டினேன். வயரை அழகாகச் சுருள் குழாய்க்குள் விட்டு, ரிலே வைத்து, பியூஸ் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் படமும் எடுத்து வைத்தேன். சாவியைத் திருப்பியதும் பின்னால் இருந்து டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது. ஸ்டார்ட் பண்ணினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மனைவியை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, கிழவனுக்கு உயிர் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்றைக்குப் பதினைந்து நிமிடம் ஓடியிருப்பேன். பெரிய சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். பச்சை விழுந்தபோது எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ். நான் இறங்கி, காரை ஓரத்துக்குத் தள்ளி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அடுத்த கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும். குளிரில் நன்றாகப் பிடிக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும், சூடானதும் நிற்கும். ஆற விட்டால் திரும்ப ஓடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்றோல் போய்ச் சேரவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பெற்றோல் இல்லாமல் எஞ்சின் நிற்கிறது என்றால், பம்புக்கு மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை. மின்சாரம் என்றால் அது என் பகுதி. மீற்றரை வைத்தால் எண் சரியாகவே காட்டியது. பியூஸ் சரி. ரிலே சரி. எர்த் கம்பியைச் சுரண்டி மினுக்கி வேறு இடத்தில் பூட்டினேன். வடிகட்டியை மாற்றினேன். குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதோ என்று ஒவ்வொரு இடுக்கியையும் இறுக்கினேன். பம்பையே தலைகீழாகப் பிடித்துப் பூட்டிப் பார்த்தேன். கார் நிற்பது நிற்கவில்லை.

இன்னொன்றும் என்னைக் குழப்பியது. அந்த டிக் டிக் சத்தம் ஓயவே இல்லை. எஞ்சின் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, சாவி திரும்பியிருக்கும் வரைக்கும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாவம், இழுக்கப் பார்க்கிறது, பெற்றோல் வரவில்லை என்று நினைத்தேன். வேலைக்குப் போகும்போது ரயிலில் இருந்துகொண்டு தாளில் கீறிக் கீறிப் பார்த்தேன். இரவில் கண்ணை மூடினாலும் வயர்ப் படம்தான் வந்தது. ஒரு சின்னப் பம்பு, இரண்டு வயர், ஒரு குழாய். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

இந்த ஆறு கிழமையும் எனக்கு இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி என் மனைவி. நான் காரடியில் இருந்து உள்ளே வந்தால், "என்னப்பா, பெற்றோலுக்கை குளிச்சனீங்களோ? அந்த உடுப்பை வெளியிலை போடுங்கோ" என்பாள். என் வேலைச் சட்டையை உள்ளே தொங்க விடமாட்டாள். பழைய கார் என்றால் பெற்றோல் மணக்கும்தானே என்று நான் சிரித்துக்கொண்டு போவேன். அவளும் அதோடு விட்டுவிடுவாள்.

மற்றவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. வெள்ளைக்காரி, அறுபத்தைந்து வயதிருக்கும், தனியாக இருக்கிறவ. அவவுக்கும் எனக்கும் கதை பேச்சு இல்லை. கார் வந்த முதல் மாதமே, ஞாயிறு காலையில் எஞ்சினை உறும விடாதீர்கள் என்று வந்து சொன்னா. நானும் ஏதோ சூடாகப் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வாசலில் கண்டால் இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்போம். அப்படிப்பட்டவ, பம்பு பூட்டி இரண்டாவது கிழமை எங்கள் கதவில் கடிதம் போடுகிற ஓட்டையால் ஒரு கடதாசித் துண்டு போட்டா. "உங்கள் காரில் இருந்து பெற்றோல் மணம் வருகிறது. தயவுசெய்து பாருங்கள்." நாலாவது கிழமை இன்னொரு துண்டு. அதில் "மிகவும் கடுமையாக" என்ற சொல்லுக்குக் கீழே கோடு.

நான் பார்க்காமல் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். எஞ்சின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சை ஆழமாக இழுத்து முகர்ந்து பார்த்தேன். தாங்கிப் பக்கம் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. ஒரு துளியும் இல்லை. அப்படியானால் அவ ஏன் எழுதுகிறா? என் மனம் போன இடத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "இவவுக்கு எங்களைப் பிடிக்கேல்லை. எங்கட நிறம் பிடிக்கேல்லை. நாளைக்குக் கவுன்சிலுக்கு எழுதிப் போடுவா, பாரும்" என்று மனைவியிடம் சொன்னேன். அந்த இரண்டு துண்டையும் பத்திரமாக எடுத்தும் வைத்தேன், பிற்பாடு சாட்சிக்கு உதவும் என்று.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை முழுக்க மழை. பன்னிரண்டு மணிக்கு விட்டது. மனைவி வேலையில். அவள் ஒரு மருந்துக் கடையில் சனிக்கிழமை ஷிப்ட் செய்கிறவள். வீட்டில் நான் மட்டும். எங்கள் முன் வாசல் முழுக்க சீமெந்து, றோட்டுப் பக்கமாக மெல்லச் சரிவு. கார் எப்போதும் மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து நிற்கும். அதாவது எஞ்சின் மேட்டில், தாங்கியும் பம்பும் பள்ளத்தில்.

அன்று புதிதாக ஒரு யோசனை வந்தது. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வயர் இணைப்புத்தான் சூடானதும் விடுகிறதோ? அதைச் சோதிக்க, எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, பம்பைத் தொடர்ந்து ஓட விட்டேன். கால் மணித்தியாலம் ஓடட்டும், பிறகு அளந்து பார்க்கலாம் என்று உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். குசினி யன்னலால் டிக் டிக் சத்தம் கேட்டது. நல்லாய்த்தான் வேலை செய்கிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே வந்து அளந்தேன். எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. கால் மணித்தியாலம் ஓடினால் பற்றரி அவ்வளவு இறங்கும்தான், ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இதுதான், இணைப்புத்தான்! சாவியை நிற்பாட்டிவிட்டு, பின் பக்கத்தை உயர்த்தி, தாங்கு கட்டைகளை வைத்து, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். பாதுகாப்பில் நான் கவனமானவன் என்று அப்போதும் நினைத்தேன். நிலம் ஈரமாக இருந்தது. என் கம்பளிச் சட்டையின் முதுகும் வலது கையும் நனைந்து போயின. கடுமையாகக் குளிர்ந்தது. மழைத் தண்ணி, ஒக்டோபர் மாதம், குளிராமல் என்ன செய்யும்? பழைய இணைப்பை வெட்டி, புதிது போட்டு, அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் உறையை இழுத்து விட்டேன். அந்த உறை சூடு பட்டால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும். அதற்கென்று சூட்டுக் காற்று அடிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு வீட்டுக்குள் இருந்து வயர் இழுக்கவேண்டும். இந்த ஒரு இணைப்புக்காக யார் எழும்பிப் போகிறது? சாமி விளக்குக் கொளுத்துகிற லைட்டரைத் தேத்தண்ணி குடிக்கப் போனபோதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

ஒரு தரம் தட்டினேன். பெருவிரல் ஈரத்தில் வழுக்கியது. பிடிக்கவில்லை. விரலைக் காற்சட்டையில் துடைத்தேன்.

அப்போது யாரோ என் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தார்கள்.

நான் கத்தினேன். வெளியே ஒரு பெண் குரல் அதைவிடப் பலமாகக் கத்தியது. "வேண்டாம்! வேண்டாம்! கொளுத்தாதே!" அவ இங்கிலிசில் கத்தியதை நான் தமிழில் எழுதுகிறேன். அந்த வயதில் அவ்வளவு பெலம் எங்கிருந்து வந்ததோ, அரைவாசி தூரம் என்னை இழுத்துவிட்டா. நான் மிச்சத்துக்கு ஊர்ந்து வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுப் பெண்மணி முழங்காலில் நிற்கிறா. கடைப் பை சரிந்து தோடம்பழங்கள் றோட்டில் உருண்டுகொண்டிருக்கின்றன. என் கையில் இருந்த லைட்டரைப் பறித்துத் தன் வேலிக்கு மேலால் எறிந்தா.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். என் வளவு, என் கார், என் கால்! "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"நீ பெற்றோலில் நனைந்து போயிருக்கிறாய்" என்றா.

"இது மழைத் தண்ணி."

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "உன் கையை மணந்து பார்."

நான் வீம்புக்குக் கையை மூக்கடியில் கொண்டுபோய், அவவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நன்றாக முகர்ந்தேன். "எனக்கு ஒன்றும் மணக்கவில்லை" என்றேன்.

அவவின் முகம் மாறியது. கோபம் அப்படியே இறங்கிப் போனது. பொய் சொல்கிறானோ என்று ஒரு கணம் பார்த்திருப்பா, இல்லை என்று கண்டுகொண்டா என்று நினைக்கிறேன். என் நனையாத கையைப் பிடித்து, எழுப்பி, றோட்டுக்கு மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா. நானும் ஏன் என்று தெரியாமல் பின்னால் போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், காருக்கு அடியில் இருந்து றோட்டோரம் வரைக்கும் ஈரத்தின் மேல் நீலமும் ஊதாவுமாய் ஒரு மினுக்கம் ஓடுவதைக் கண்டேன். லண்டனில் மழைக்குப் பிறகு எந்த றோட்டில் அந்த நிறம் இல்லை? காலையில் இருந்தே என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தீயணைப்புப் படையை அவதான் போனில் கூப்பிட்டா. அவர்கள் வருவதற்குள், சட்டையைக் கழற்று என்று அதட்டி, தன் வீட்டுக்குள் விட்டு, குளிர் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னா. வெளியே வந்தபோது எனக்குப் போட அவவிடம் இருந்தது ஒரு ரோஸ் நிறக் குளியல் அங்கிதான். வாகனம் வந்து, நாலு பேர் இறங்கி, நிலத்தில் ஏதோ மணல் மாதிரிக் கொட்டி, மழைநீர்க் கானை அடைத்தார்கள். அவர்களில் ஒரு இளம் பெண் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, காபரேட்டரில் இருந்து இன்னும் சொட்டுகிறது என்று காட்டினாள். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. அதன் வழிந்தோடும் குழாயால் பெற்றோல் இறங்கி, சீமெந்துச் சரிவால் பின்னுக்கு ஓடி வந்து, நான் படுத்துக் கிடந்த இடத்தில் தேங்கியிருக்கிறது. பிறகு அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"சந்தியில் திரும்பும்போதே எங்களுக்கு மணந்தது. உங்களுக்குத் தெரியவில்லையா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் திரும்பவும் கேட்டாள்: "ஒன்றுமே இல்லையா?" நான் திரும்பவும் தலையாட்டினேன். அங்கே நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. நான் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். குளிர் காற்று மட்டும்தான் உள்ளே போனது.

மனைவி பஸ்சால் இறங்கி நடந்து வந்தபோது, வாசலில் தீயணைப்பு வாகனம், எதிர்ப் பக்கத்தில் ரோஸ் அங்கியோடு நான், என் பக்கத்தில் நாங்கள் கதைக்காத பெண்மணி. அவள் ஓடி வந்து முதலில் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

அன்று பின்னேரம் அவள் என்னைக் குசினிக் கதிரையில் இருத்தினாள். "கண்ணை மூடுங்கோ" என்றாள். ஒரு போத்தலைத் திறக்கிற சத்தம் கேட்டது, அதை என் மூக்கடியில் பிடித்தாள்.

"இது என்ன?"

"ஒண்டும் இல்லை. வெறும் போத்தல்."

"இது?"

"இதுவும் வெறும் போத்தல்தான். என்னப்பா விளையாடுறீர்?"

மூன்றாவதை வைத்தபோது மூக்குக்குள் சில்லென்று குளிர்ந்தது. "கற்பூரம்!" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். மேசையில் கோப்பித் தூள், பெருங்காயம், கற்பூரம். முதல் இரண்டுக்கும் மூடி முழுக்கத் திறந்திருந்தது. பெருங்காயத்தைக் கையில் எடுத்து, மூக்கில் முட்ட வைத்து முகர்ந்தேன். வெறும் தூள். கற்பூரத்தைக்கூட நான் மணத்தால் சொல்லவில்லை, அந்தக் குளிர்ச்சியால்தான் சொன்னேன் என்று பிறகு விளங்கியது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது. இரண்டு பேருக்கும் மணம் போனது. அவளுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உறைப்பு உறைத்தது, சீனி இனித்தது, புளி புளித்தது. நாக்கு வேலை செய்தபடியால் மூக்கும் செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். குழம்பைக் கண்டால் குழம்பின் மணம் எனக்கு வந்தது. கோப்பிக் கோப்பையைக் கண்டால் கோப்பி மணம் வந்தது. கண் பார்த்ததை மனம் தானாகவே நிரப்பியிருக்கிறது என்று பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். எஞ்சினுக்குள் தலையை விட்டு முகர்ந்த நாளில், அங்கே பெற்றோல் இல்லை என்று நான் முதலே தீர்மானித்திருந்தேன். அதனால்தான் மணக்கவில்லையோ, அல்லது எப்படியும் மணந்திருக்காதோ? அதை இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரின் பிழையும் அடுத்த கிழமைதான் பிடிபட்டது. பம்பு வந்த பெட்டியைத் தேடி எடுத்து, கடதாசியை முதன்முறையாக முழுக்க வாசித்தேன். என் காரின் காபரேட்டர் தாங்கக்கூடிய அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அந்தப் பம்பு தள்ளும். காபரேட்டருக்குள், நிரம்பியதும் பெற்றோலை மறிக்கிற ஒரு சின்ன ஊசி இருக்கிறது. அது மறிக்கப் பார்த்திருக்கிறது, பம்பு அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. பெற்றோல் போதாமல் அல்ல, கூடிப்போய்த்தான் எஞ்சின் மூச்சு முட்டி நின்றிருக்கிறது. அந்த ஓயாத டிக் டிக் சத்தமும் அதுதான். எல்லாம் சரியாக இருந்தால், குழாய் நிரம்பியதும் இந்த மாதிரிப் பம்பு அடங்கிப் போகும். நான் வடிகட்டியை மாற்றி, குழாயை இறுக்கி, எர்த்தை மினுக்கி, ஒவ்வொரு கிழமையும் அதற்கு இன்னும் உதவி செய்துகொண்டிருந்திருக்கிறேன். மீற்றர் என்னிடம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நான்தான் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். துவைத்த அங்கியும், ஒரு பை தோடம்பழமும் கையில். உள்ளே கூப்பிட்டு இருத்தினா. இருபது வருடம் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கும் மேசையில் நின்றவவாம். "அந்த மணம் எனக்கு நித்திரையிலும் தெரியும்" என்றா. பஸ்சால் இறங்கியதும் மணந்ததாம், எங்கள் வாசலுக்கு வந்தபோது காருக்கு அடியில் லைட்டரின் நெருப்புப்பொறி தெரிந்ததாம். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவவே சொன்னா:

"இரண்டு தரம் எழுதினேன். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைப் பிடிக்காதபடியால் வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் எழுத வெட்கமாக இருந்தது."

நானும் அவவைப் பற்றி என்ன நினைத்தேன் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் முழுக்கச் சொல்லத் துணிவு வரவில்லை. "நானும் உங்களைப் பிழையாகத்தான் நினைத்தேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவ என்ன என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பெருந்தன்மையா, அல்லது தெரிந்துதான் இருந்ததா, எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, அழுத்தம் குறைந்ததை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பூட்டுவித்தேன். எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்க ஒரு சுவிட்ச்சும் போட்டோம். கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் நான் தனியாக ஸ்டார்ட் பண்ணுவதில்லை. மனைவி நின்றால் மனைவி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து எஞ்சின் மூடிக்கு மேலே குனிந்து முகர்ந்துவிட்டுத் தலையாட்டினால்தான் சாவியைத் திருப்புவேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு முந்தி அவ வரமாட்டா. அதுவும் நியாயம்தான்.

டொக்டர் தந்த மணப் போத்தல்களை ஒரு வருடம் காலையும் மாலையும் முகர்ந்தேன். தேசிக்காய் மணம் ஒரு நிழல் மாதிரித் திரும்பி வந்திருக்கிறது. பெற்றோல் இன்னும் வரவில்லை. ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. மணமில்லாமல் இருந்த அந்த இரண்டு வருடத்துக்குள்தான் இல்ஃபோர்ட்டில் இருக்கும் என் தங்கைக்கு, எத்தனையோ வருடம் பார்த்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கி உச்சி மோந்தேன். பால் வாசம் வந்தது என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கு அது இன்றைக்கும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. அந்த வாசம் என் மூக்குக்கு வந்ததா, நான் வரவேண்டும் என்று நினைத்ததால் வந்ததா? அதை எந்த மீற்றராலும் அளக்க முடியாது.

இன்று யாராவது எனக்குத் தெரியாத ஒன்றை, எனக்குப் படாத ஒன்றைச் சொல்லும்போது, "அப்படி ஒன்றும் இல்லையே" என்று வாய்வரை வருகிற பதிலை விழுங்கிக்கொண்டு, "எங்கே, எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் நான் எதை உணராமல் இருக்கிறேன் என்பதை எனக்குச் சொல்ல என்னால் மட்டும் முடியாது.